தாய்லாந்துச் சாப்பாட்டுக்கு எந்தக் கோப்பை?



சென்ற இதழில் வந்த தாய்லாந்துச் சமையல் பகுதியைப் படித்துவிட்டு நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். பச்சைக் கறி விழுதை மிக்ஸியில் அரைக்கலாமா, மீன் சாறு கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பது போன்ற கேள்விகளுக்கு அந்தப் பகுதியை எழுதியவரே இந்த இதழில் பதில் சொல்கிறார். ஒரு கேள்வியை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். நண்பர்களை விருந்துக்கு அழைத்துத் தாய் உணவு சமைக்கிறோம், கூடவே ஒயின் வைப்பதா, பீர் வைப்பதா, வைத்தால் எது என்று வெளிநாட்டிலிருந்தும் நம் ஊர்களிலிருந்தும் கேட்டிருக்கிறீர்கள். விலை உயர்ந்த சிவப்பு ஒயினை வாங்கி வைத்து, அது சாப்பாட்டோடு சேரவே இல்லை என்று வருத்தப்பட்டவர்களும் உண்டு. தமிழ்ப் பத்திரிகையில் இதைக் கேட்கப் பலருக்குத் தயக்கம் இருக்கும். கேட்டவர்கள் தயங்கவில்லை. நானும் தயங்காமல் எழுதுகிறேன்.

முதலில் மேசையைப் பார்ப்போம். தாய்லாந்தில் சாப்பாடு ஒன்றன்பின் ஒன்றாக வருவதில்லை. நடுவில் சோறு. சுற்றிலும் ஒரு சூப், ஒரு கறி, ஒரு வதக்கல், பொரித்த மீன், பப்பாளிக்காயை இடித்துச் செய்த சோம் தாம், தொட்டுக்கொள்ள நாம் ப்ரிக் எனும் மிளகாய்த் துவையல், பச்சைக் காய்கறிகள். எல்லாம் ஒரே நேரத்தில் வரும். எல்லோரும் எல்லாவற்றிலிருந்தும் ஒவ்வொரு கரண்டி எடுத்துச் சோற்றோடு சாப்பிடுவார்கள். டாம் யாம் சூப்பின் எலுமிச்சைப் புளிப்பு ஒரு வாய், பனஞ்சர்க்கரை சேர்ந்த கறியின் தித்திப்பு அடுத்த வாய், மீன் சாற்றின் உப்பு அதற்கடுத்த வாய். இத்தனைக்கும் நடுவே மிளகாய்.

ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு ஒயின் என்ற யோசனை பிறந்தது ஐரோப்பாவில். அங்கே ஒரு தட்டை எடுத்துக்கொண்டு போனபிறகுதான் அடுத்தது வரும். மீனுக்கு வெள்ளை, இறைச்சிக்குச் சிவப்பு என்ற விதி அந்த வரிசைக்குப் பொருந்தும். தாய் மேசையில் ஐந்து நிமிடத்துக்குள் உங்கள் கிளாஸ் ஐந்து சுவைகளைச் சந்தித்தாக வேண்டும். ஆகவே பச்சைக் கறிக்கு எது, வறுத்த நூடுல்ஸுக்கு எது என்று தனித்தனியாகத் தேடி அலைய வேண்டாம். மேசை முழுவதற்கும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். என் பதில் முழுவதும் இந்த ஒரு கருத்திலிருந்துதான் வருகிறது.

மேசை முழுவதற்கும் என்றால் முதலில் கணக்கில் எடுக்க வேண்டியது காரம். மிளகாயில் இருக்கும் கேப்சைசின், நாக்கின் சுவை மொட்டுகளைத் தேடிப் போவதில்லை. வெப்பத்தையும் வலியையும் உணரும் நரம்புகளில் உள்ள ஒரு வாயிலைத் திறந்துவிடுகிறது. டிஆர்பிவி1 என்று அதற்குப் பெயர். அமெரிக்க அறிவியலாளர் டேவிட் ஜூலியஸின் குழு 1997இல் அதை அடையாளம் கண்டது. அந்த வழியில் அவர் செய்த ஆராய்ச்சிக்காக 2021இல் ஆர்டெம் படாபூட்டியனுடன் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டால் திறக்க வேண்டிய வாயில் அது. மிளகாய் அதைச் சூடே இல்லாமல் திறந்துவிடுவதால்தான் வாய் வெந்துபோனதுபோல் எரிகிறது.

நம் கேள்விக்கு முக்கியமான செய்தி இனிமேல்தான் வருகிறது. ஆல்கஹாலும் அதே வாயிலைத் தொடுகிறது. அது திறப்பதற்குத் தேவையான வெப்பத்தின் அளவைக் கீழே இறக்கிவிடுகிறது. சாராயம் தொண்டையில் எரிவதற்கும், புண்ணில் ஸ்பிரிட் பட்டால் எரிவதற்கும் காரணம் இதுவே. மிளகாய் ஏற்கெனவே அங்கே நிற்கும்போது 14 சதவீத ஆல்கஹால் உள்ள ஒயினைக் குடித்தால் எரிச்சல் கூடத்தான் செய்யும். காரத்தைத் தணிக்கத்தானே குடிக்கிறோம் என்று நினைத்து இன்னும் ஒரு மடக்கு குடிப்போம், இன்னும் எரியும். தாய் உணவுக்கு ஒயின் வாங்கப் போகிறவர்கள் லேபிளில் முதலில் பார்க்க வேண்டியது திராட்சையின் பெயரையோ ஊரையோ விட, அந்தச் சதவீதத்தைத்தான். எண் சிறியதாக இருந்தால் நல்லது.

தண்ணீரும் அவ்வளவாக உதவாது. கேப்சைசின் தண்ணீரில் கரைவதில்லை, கொழுப்பில் கரையும். தேங்காய்ப்பால் சேர்ந்த பச்சைக் கறி, அதே அளவு மிளகாய் போட்ட டாம் யாமைவிடச் சாந்தமாகத் தெரிவதற்கு அந்தப் பாலில் உள்ள கொழுப்பும் ஒரு காரணம். மேசையில் தேங்காய்ப்பால் கறி ஒன்று இருப்பது மற்ற எல்லாப் பாத்திரங்களுக்கும், நீங்கள் வைக்கும் பானத்துக்கும் நன்மை.

எரிச்சலை அடக்கும் இன்னொரு பொருள் சர்க்கரை. தாய் சமையற்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். காரமும் புளிப்பும் மிகும் இடத்தில் எல்லாம் பனஞ்சர்க்கரையை ஒரு சிட்டிகையாவது சேர்ப்பார்கள். ஒயினிலும் அதே வேலையைச் சர்க்கரை செய்யும். இங்கேதான் நம்மில் பலருக்கு ஒரு கூச்சம் குறுக்கே வருகிறது. தித்திப்பான ஒயின் கேட்டால் விவரம் தெரியாதவர் என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம். அதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். தாய் மேசைக்கு என் முதல் தேர்வு லேசான தித்திப்புள்ள ஜெர்மன் ரீஸ்லிங்தான்.

ஜெர்மனியின் மோசல் ஆற்றங்கரையில், செங்குத்தான ஸ்லேட் கல் சரிவுகளில் விளையும் ரீஸ்லிங்கைச் சொல்கிறேன். குளிர்ப் பிரதேசம் என்பதால் திராட்சையில் புளிப்பு நன்றாகத் தங்கும். சர்க்கரை முழுவதும் ஆல்கஹாலாக மாறுவதற்கு முன்பே நொதிப்பை நிறுத்திவிடுவார்கள். விளைவு, 8 அல்லது 9 சதவீத ஆல்கஹால், கொஞ்சம் தித்திப்பு, அதைத் திகட்டவிடாத கூர்மையான புளிப்பு. தாய் சமையலின் கணக்கும் இதுவேதான். எலுமிச்சையும் சர்க்கரையும் ஒன்றையொன்று பிடித்து நிறுத்தும் உணவுக்கு, அதே இரண்டும் ஒன்றையொன்று பிடித்து நிறுத்தும் பானம். புளிப்புக் குறைந்த ஒயினை டாம் யாமுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எலுமிச்சைச் சாற்றுக்கு முன்னால் அது சப்பென்று ஆகிவிடும். ரீஸ்லிங் ஆவதில்லை. மீன் சாற்றின் உப்பு பட்டதும் அதன் பழ மணம் இன்னும் தெளிவாக எழும்பும்.

லேபிளில் 'கபினெட்' என்ற சொல் இருந்தால் அது லேசான வகை. 'ஷ்பெட்லேஸே' என்றால் இன்னும் பழுத்த திராட்சையில் செய்தது. 'ட்ராக்கன்' என்று இருந்தால் தித்திப்பே இராது. இதெல்லாம் குழப்பமாக இருந்தால் சதவீத எண்ணையே பாருங்கள். ஜெர்மன் ரீஸ்லிங்கில் 8, 9 என்று இருந்தால் சர்க்கரை மிச்சம் இருக்கிறது. 12க்கு மேல் இருந்தால் அநேகமாக இல்லை.

ரீஸ்லிங் கிடைக்காத ஊரில் இருப்பவர்கள் ஷெனின் பிளாங்க் தேடலாம். பிரான்சின் வூவ்ரே பகுதியில் 'டெமி செக்' என்று விற்கும் வகை அருமையாகப் பொருந்தும். இந்தியாவில் இருப்பவர்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நாசிக்கின் சுலா நிறுவனம் செய்யும் ஷெனின் பிளாங்க் லேசான தித்திப்புள்ளதுதான். நன்றாகக் குளிரவைத்தால் பச்சைக் கறிக்கு முன்னால் மரியாதையாக நிற்கும். எலுமிச்சைப்புல்லும் புதினாவும் கொத்தமல்லியும் தூக்கலாக இருக்கும் மேசை என்றால், காரம் மிதமாக இருக்கும் பட்சத்தில், நியூசிலாந்தின் மார்ல்பரோ சோவின்யோன் பிளாங்க் நன்றாக இருக்கும். அதன் பச்சிலை மணம் அந்த இலைகளோடு சேர்ந்துகொள்ளும். பொரித்த பண்டங்கள் மட்டும் என்றால் நுரைக்கும் ஒயின் வைக்கலாம். ப்ரோசெக்கோ வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 'எக்ஸ்ட்ரா ட்ரை' என்று எழுதியிருப்பது 'ப்ரூட்'டைவிடத் தித்திப்பானது. பெயரைப் பார்த்தால் நேர்மாறாகத் தோன்றும்.

கெவுர்ஸ்ட்ராமினர் என்ற வெள்ளை ஒயினைப் பற்றி ஒரு வார்த்தை. தாய் உணவுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை என்று ஒயின் நூல்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. லிச்சிப் பழத்தின் மணமும் அதன் மணமும் ஒன்றுபோல் இருப்பதற்கு ரோஜா ஆக்சைடு என்ற ஒரே பொருள் இரண்டிலும் இருப்பது காரணம். வாத்துக் கறியில் லிச்சியோ திராட்சையோ போட்டுச் செய்யும் சிவப்புக் கறியோடு அது உண்மையிலேயே அழகு. ஆனால் அதில் ஆல்கஹால் அதிகம், புளிப்பு குறைவு. மேசை முழுவதற்கும் வைக்கும்போது அது களைத்துவிடுகிறது என்பது என் அபிப்பிராயம்.

சிவப்பு ஒயின்? சுருக்கமாகச் சொல்கிறேன். கேபர்னே சோவின்யோன் போன்ற கனத்த சிவப்பு ஒயின்களில் பாக்கு மென்றதுபோல் வாயை இறுக்கும் துவர்ப்பு இருக்கிறது. மிளகாய் எரிச்சலின்மேல் அது வந்து உட்கார்ந்தால் கசப்பாகத் தெரியும். ஓக் பீப்பாயில் ஊறிய மணத்துக்கும் மக்ரூட் எலுமிச்சை இலைக்கும் எந்த உறவும் இல்லை. மீன் சாறும் இறால் விழுதும் இருக்கும் உணவில் இன்னொரு தொல்லையும் உண்டு. சிவப்பு ஒயினில் உள்ள இரும்புச் சத்து, கடல் உணவோடு சேரும்போது கவிச்சு வாடையைக் கிளப்பிவிடுகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009இல் காட்டினார்கள். விலை உயர்ந்த சிவப்பு ஒயின் எடுபடவில்லை என்று எழுதிய அன்பர்களுக்கு இதுவே பதில். ஒயினிலும் குறையில்லை, உங்கள் சமையலிலும் குறையில்லை. சிவப்புதான் வேண்டும் என்றால் துவர்ப்புக் குறைந்த பியூஜோலே வாங்கி, பரிமாறுவதற்கு அரை மணி நேரம் முன்பு ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஏலம், பட்டை, வேர்க்கடலை, உருளைக்கிழங்கு எல்லாம் சேர்ந்த மஸ்ஸமன் கறியோடு அது இணக்கமாக இருக்கும். காரம் குறைந்த கறி அது.

இப்போது பீர். இதில் தாய்லாந்துக்காரர்களே நமக்கு வழிகாட்டிகள். பூன் ராட் நிறுவனம் 1933இல் தொடங்கியது. அதன் சிங்கா பீர் இன்றும் அந்த நாட்டின் அடையாளம். சாங் 1995இல் வந்தது, லியோ சில ஆண்டுகள் கழித்து. மூன்றுமே சுமார் 5 சதவீத ஆல்கஹால் உள்ள, கசப்பு மிகாத லாகர் பீர்கள். சாலையோரக் கடைகளில் கிளாஸில் ஐஸ் கட்டிகளைப் போட்டு அதன்மேல் பீரை ஊற்றுவார்கள். பீரை உறையும் நிலைக்குக் கொண்டுபோய், பாட்டிலைத் திறந்ததும் கூழ்போல் ஆகும்படி தரும் கடைகளும் உண்டு. ஐரோப்பியப் பயணிகள் பலர் பீரில் ஐஸ் போடுவதைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அதில் நல்ல அறிவு தெரிகிறது. ஐஸ் கரையக் கரைய ஆல்கஹாலும் கசப்பும் குறைந்துகொண்டே வரும், குளிர்ச்சி மட்டும் குறையாது. காரத்துக்கு வேண்டியது அந்த மூன்றும்தான்.

மேகோங் என்ற சாராயத்தையும் அந்த நாட்டினர் அப்படியே குடிப்பதில்லை. 1941இலிருந்து வரும் சரக்கு அது. கரும்புப் பாகிலிருந்து பெரும்பகுதியும், அரிசியிலிருந்து கொஞ்சமும் எடுத்துச் செய்வது. ஆல்கஹால் 35 சதவீதம். பாட்டிலை மேசையில் வைத்து, ஒரு வாளி ஐஸும் சோடாவும் வாங்கி, நீர்க்க நீர்க்கக் கலந்து சாப்பாடு முழுக்கச் சிறிது சிறிதாகக் குடிப்பார்கள். காரமான உணவோடு வலுவான பானம் சேராது என்பதை அந்த மேசைகள் ஆய்வுக்கூடங்களுக்கு முன்பே கண்டுகொண்டுவிட்டன.

வேறு பீர் வாங்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது கோதுமை பீர். ஜெர்மனியின் ஹெஃபவைஸனில் ஈஸ்டே வாழைப்பழ மணத்தையும் கிராம்பு மணத்தையும் உண்டாக்குகிறது. பெல்ஜியத்தின் வெள்ளை பீரில் தனியாவும் ஆரஞ்சுத் தோலும் போட்டே காய்ச்சுகிறார்கள். இந்த வகை ஏறக்குறைய அழிந்துபோயிருந்தது. ஹூகார்டன் என்ற சிற்றூரில் பியர் செலிஸ் என்பவர் 1960களில் அதை மீட்டெடுத்தார். ஊரின் பெயரிலேயே அந்த பீர் இன்று உலகெங்கும் கிடைக்கிறது, இந்தியப் பெருநகரங்களிலும்கூட. தாய் சமையலில் கொத்தமல்லி வேர், தனியா, எலுமிச்சை இலை மூன்றும் அடித்தளம். தனியாவும் ஆரஞ்சும் உள்ள பீர் அதோடு சேருவதில் ஆச்சரியம் இல்லை. தாய்லாந்தின் வடகிழக்கு ஈசான் பகுதியின் மேசைக்கு, அதாவது சோம் தாம், சுட்ட கோழி, லாப் எனும் கொத்திறைச்சிக் கலவை, கையால் உருட்டிச் சாப்பிடும் ஒட்டரிசிச் சோறு எல்லாம் இருக்கும்போது, ஒயினைவிட பீருக்கே என் வாக்கு. அந்தச் சாப்பாட்டின் வேகத்துக்கு ஒயின் ஈடுகொடுப்பதில்லை.

தவிர்க்க வேண்டியது ஐபிஏ எனும் கசப்பு மிக்க பீர். ஹாப்ஸின் கசப்பு மிளகாயின் எரிச்சலை இன்னும் நீட்டும். காரப் பிரியர்கள் சிலர் அதைத்தான் விரும்புகிறார்கள். விருந்தினருக்கு வைக்காதீர்கள்.

தாய்லாந்திலேயே ஒயின் செய்கிறார்கள் என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். எனக்கு இதில் மிகுந்த ஆர்வம். திராட்சைக்கு உகந்தவை பூமத்திய ரேகைக்கு வடக்கிலும் தெற்கிலும் 30 முதல் 50 பாகைக்குள் இருக்கும் நிலங்கள் என்பது நெடுங்கால நம்பிக்கை. தாய்லாந்து அந்த எல்லைக்கு வெகு கீழே இருக்கிறது. அங்கே கொடி குளிர்காலத்தில் உறங்குவதில்லை, விட்டால் ஆண்டுக்கு இரண்டு முறை காய்க்கும். ஆகவே விவசாயி கவாத்து செய்தே கொடிக்குப் பருவத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். மழை ஓய்ந்த குளுமையான மாதங்களில் வளரவிட்டு, பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அறுவடை செய்கிறார்கள். லோயி மாகாணத்தில் செய்த ஒயின் 1990களின் நடுவில் விற்பனைக்கு வந்தது. பிறகு காவ் யாய் தேசியப் பூங்காவை ஒட்டிய பள்ளத்தாக்குகளில் தோட்டங்கள் எழுந்தன. அங்குள்ள கிரான்மொன்டே தோட்டத்தை 1999இல் நட்டார்கள். அந்தக் குடும்பத்தின் மகள் நிக்கி லோஹிட்நாவி ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஒயின் அறிவியல் படித்துவிட்டுத் திரும்பினார். தாய்லாந்தின் முதல் பெண் ஒயின் வல்லுநர் அவர். கடலோர ஹுவா ஹின் பக்கம் மலைச் சரிவுகளில் மான்சூன் வேலி ஒயினுக்கான திராட்சை விளைகிறது.

ஷெனின் பிளாங்க், கொலம்பார்ட் போன்ற வெள்ளைத் திராட்சைகளும் ஷிராஸும் அங்கே நன்றாக வருகின்றன. அந்த வெள்ளை ஒயின்கள் தம் நாட்டுச் சமையலோடு இயல்பாகப் பழகுகின்றன. பாங்காக் போகும் வாசகர்கள் ஏர்போர்ட்டில் இறக்குமதிச் சரக்கு வாங்குவதற்கு முன் ஒருமுறை உள்நாட்டு ஒயினைக் கேட்டு வாங்குங்கள். 2024இல் தாய்லாந்து அரசு இறக்குமதி ஒயினுக்கான சுங்க வரியை நீக்கிவிட்டது. வெளிநாட்டு ஒயின் அங்கே சகாயமாக வந்து இறங்கும் இந்த வேளையில், இப்படிக் கஷ்டப்பட்டு விளைவிப்பவர்களுக்கு நம் போன்றோரின் ஆதரவு தேவை.

குடிக்காதவர்களை மறந்துவிட்டு இந்தப் பக்கத்தை முடிக்க எனக்கு மனம் வராது. நம் வாசகர்களில் அவர்களே பெரும்பான்மை. எந்த அளவு மதுவும் உடலுக்கு முழுப் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என உலக சுகாதார அமைப்பு 2023இல் தெளிவாக அறிவித்தது. நானும் குடிக்காதவரைக் குடிக்கச் சொல்ல மாட்டேன். தாய்லாந்து வீடுகளில் அன்றாடச் சாப்பாட்டோடு வைப்பது தண்ணீர்தான். விருந்துக்கு என்றால் எலுமிச்சைப்புல்லைத் தட்டிக் கொதிக்கவைத்து, கொஞ்சம் சர்க்கரை சேர்த்து, ஐஸில் ஊற்றித் தருவார்கள். புளிச்சையின் உறவான ரோசெல் பூவின் சிவந்த பானம், சங்குப் பூவை ஊறவைத்து எலுமிச்சை பிழிந்ததும் நீலம் ஊதாவாக மாறும் பானம், இளநீர், பால் சேர்ந்த சிவந்த ஐஸ் டீ என்று வரிசையே இருக்கிறது. கொஞ்சம் தித்திப்பு, கொஞ்சம் புளிப்பு, நல்ல குளிர்ச்சி என்று ரீஸ்லிங்கில் நான் பாராட்டிய குணங்கள் எலுமிச்சைப்புல் பானத்திலும் இருக்கின்றன. ஆல்கஹால் இல்லாததால் எரிச்சலும் அதிகமாகாது. காரம் உச்சத்தில் இருக்கும் தென் தாய்லாந்துக் கறிகளுக்கு நான் ஒயினும் பீரும் சிபாரிசு செய்யவே மாட்டேன். அந்தப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைகளில் கேட்காமலேயே ஒரு தட்டு நிறையப் பச்சைக் காய்களும் கீரைகளும் கொண்டுவந்து வைப்பார்கள். அந்தக் காரத்துக்கு அதுவும் சோறும்தான் துணை.

ஆகவே விருந்து வைக்கும் அன்பர்களே, கடைக்குப் போகும்போது இரண்டு பொருள் வாங்குங்கள். 9 சதவீதத்துக்கு மிகாத ரீஸ்லிங் அல்லது தித்திப்பான ஷெனின், கூடவே கொஞ்சம் கோதுமை பீர். இரண்டையும் காலையிலேயே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். எலுமிச்சைப்புல் பானத்தை ஒரு பெரிய ஜாடி நிறையச் செய்து, மது பாட்டில்களுக்குப் பக்கத்திலேயே வையுங்கள், தனியாக மூலையில் வைக்காதீர்கள். வண்டி ஓட்டிக்கொண்டு திரும்பப் போகிறவரை 'கொஞ்சம்தானே' என்று வற்புறுத்தாதீர்கள். விருந்து முடிந்தபின் எது சேர்ந்தது, எது சேரவில்லை, எந்த ஊரில் என்ன கிடைத்தது என்று எங்களுக்கு எழுதுங்கள். உங்கள் கடிதங்களை அடுத்த இதழில் வெளியிடக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்